லோடு வண்டிக்குக் கார் லைசென்ஸ் போதுமா?

வேலூர் லாங்கு பஜாரில் மளிகைச் சரக்கேற்றி ஆம்பூர், வாணியம்பாடி கடைகளுக்குச் சிறு லோடு வண்டி ஓட்டும் வணிகர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. போதும் என்பதே நாம் தரும் பதில்.

வண்டியும் சரக்கும் சேர்ந்த அனுமதி எடை 7,500 கிலோவைத் தாண்டாவிட்டால் இலகுரக வாகன லைசென்ஸே போதும் என 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 நவம்பர் 6-ல் ஐவர் அமர்வு அதை உறுதி செய்தது. எனவே விபத்து நேர்ந்தால், இதைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க முடியாது.

ஆனால் கூடுதல் வாடகைக்காகத் தோல் ஆலைக்கு ஆசிட் கேன் ஏற்றினால் கதை வேறு. ஆபத்தான சரக்குக்குத் தனிப் பயிற்சியும் லைசென்ஸில் அதற்கான பதிவும் கட்டாயம். டிரெய்லர் இணைத்தால் அதற்கும் பதிவு, இன்சூரன்ஸ் வேண்டும்.

டிரைவரின் லைசென்ஸ் எந்தத் தேதி வரை செல்லும் என்று இன்றே பார்த்துவிடுங்கள்.