வாட்ஸ்அப், முகநூல் குழுக்களில் சேரும் விவசாயிகள் கவனத்திற்கு

கத்தரிக்காய் என்ன விலை போகிறது, அறுவடை இயந்திரம் எந்த ஊரில் நிற்கிறது, நெல்லில் புகையான் விழுந்தால் என்ன மருந்து என்பதையெல்லாம் விவசாயிகள் இப்போது வாட்ஸ்அப், முகநூல் குழுக்களில் கேட்டுத் தெரிந்து கொள்கிறார்கள். இதில் நன்மை உண்டு. ஆனால் குழுவில் சேரும்போது தம்முடைய விவரங்களில் எது யார் கைக்குப் போகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவுடனே ஒருவரது கைபேசி எண் குழுவினர் அனைவருக்கும் தெரிந்துவிடும். ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். உள்ளூர்க்காரர்கள் என்று நம்பிச் சேரும் குழுவில் முன்பின் அறியாதவர்களே அதிகம் இருக்கக்கூடும். செய்திகளை வாட்ஸ்அப் நிறுவனம் படிக்க முடியாதபடி பூட்டு உண்டு என்பது உண்மையே. குழுவுக்குள் இருப்பவர் ஒரு படத்தை வேறு இடத்திற்கு அனுப்புவதை அந்தப் பூட்டு தடுக்காது.

பி.எம். கிசான் தவணை ரூ.2,000 வரவில்லை என்றால், ஆதார் அட்டையையும் வங்கிப் பாஸ் புத்தகத்தையும் படமெடுத்துக் குழுவில் போட்டு, "பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கும் வழக்கம் இருக்கிறது. இதை அறவே நிறுத்த வேண்டும். பெயர், ஊர், கணக்கு எண், கைபேசி எண் நான்கும் ஒருவனிடம் சேர்ந்துவிட்டால், வங்கியிலிருந்து பேசுவதுபோல் பேசி ஓ.டி.பி. எண்ணைக் கேட்டு வாங்குவது அவனுக்கு எளிது. பி.எம். கிசான் பெயரிலேயே போலிச் செயலிகளும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கின்றன. 'ஏ.பி.கே.' என்று முடியும் கோப்பு யார் அனுப்பினாலும், தெரிந்தவரே அனுப்பினாலும், திறக்கக் கூடாது. தவணை பற்றிய சந்தேகத்தை வேளாண்மை விரிவாக்க மையத்தில் நேரில் கேட்பதே நல்லது. ஆதார் நகல் அனுப்பியே ஆகவேண்டும் என்றால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை எடுத்து அனுப்பலாம்.

ஒருவர் கொடுக்கும் அனுமதியால் மற்றவர்களின் விவரமும் வெளியே போவதுண்டு. முகநூலில் கேள்வி-பதில் விளையாட்டு போல வந்த ஒரு செயலியை இந்தியாவில் 335 பேர்தான் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுடைய நண்பர்களையும் சேர்த்து 5,62,455 இந்தியரின் விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற நிறுவனத்திற்குப் போயிருக்கக்கூடும் என்று முகநூல் நிறுவனமே 2018 ஏப்ரலில் கூறியது. ஆகவே விளையாட்டுச் செயலிகள் முகவரிப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்டால் மறுத்துவிடலாம்.

வாட்ஸ்அப்பில் 'செட்டிங்ஸ்', 'பிரைவசி', 'குரூப்ஸ்' என்று போய் 'மை காண்டாக்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், அறிமுகமில்லாதவர் நேரடியாகக் குழுவில் சேர்க்க முடியாது. வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு இதைச் செய்துகொள்ளலாம். ஐந்து நிமிட வேலைதான்.

மாடு, டிராக்டர் விற்பனைக்கு என்று எண்ணோடு விளம்பரம் போடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை அழுத்த வேண்டியதில்லை. அழுத்தச் சொல்கிறவன் பணத்தை எடுக்கப் பார்க்கிறான்.

பணம் போய்விட்டால் வெளியே சொல்ல வெட்கப்பட்டு இருந்துவிடுகிறவர்கள் உண்டு. உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசிப் புகார் கொடுத்து, வங்கிக்கும் சொல்ல வேண்டும். நேரம் கடந்தால் பணம் பல கணக்குகளுக்கு மாறிவிடும். பிறகு மீட்பது கடினம்.