ஜெசாப்ஸ் மூடியது, லைக்கா திறந்தது: கேமரா கடைக்கு என்ன ஆச்சு?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு கேமரா பற்றித்தான் பேச்சு. ஆனா எந்த கேமரா வாங்கலாம்ங்கிற எபிசோட் இல்ல இது. கேமரா விற்கிற கடைக்கு என்ன ஆச்சு, அந்த இடத்துல இப்ப யார் உட்கார்ந்திருக்காங்க, அதனால நமக்கு என்ன போச்சு, இதுதான் விஷயம்.

2013 ஜனவரியில் ஆரம்பிக்கலாம். பிரிட்டனில் ஜெசாப்ஸ் என்று ஒரு கேமரா கடை செயின் இருந்தது. 1935-இல் லெஸ்டர் நகரில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய செயின். எந்தத் தயாரிப்பாளருக்கும் சொந்தமில்லை. கேனான், நிக்கான் என்று பல கம்பெனி கேமராவும் ஒரே கவுண்டரில் கிடைக்கும். அந்த ஜனவரியில் கம்பெனி திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. இரண்டே நாளில் 187 கடைகளையும் மூடிவிட்டார்கள். சுமார் 1,370 பேருக்கு வேலை போனது. கையில் கிஃப்ட் வவுச்சர் வைத்திருந்தவர்களுக்கு அது வெறும் காகிதம். ஒரு கிளையின் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளின் படம் அப்போது நெட்டில் நிறைய சுற்றியது. அமேசானில் வாங்கியதற்கு ஜெசாப்ஸ் ஊழியர்கள் உங்களுக்கு நன்றி சொல்கிறார்கள் என்கிற மாதிரி ஒரு குத்தல்.

அதே 2013-இல், லாஸ் ஏஞ்சலிஸில் லைக்கா தன் சொந்தக் கடையைத் திறக்கிறது. உள்ளே போட்டோ கேலரி, போட்டோகிராஃபி புத்தகங்கள், வெள்ளைச் சுவர், நிறைய வெற்றிடம். விற்பது ஒரே ஒரு பிராண்ட்.

ஒரு பக்கம் எல்லாம் விற்கிற கடை சாகிறது. இன்னொரு பக்கம் ஒன்றை மட்டும் விற்கிற கடை பிறக்கிறது. இரண்டும் ஒரே வருஷத்தில். ஆன்லைன்தான் கடையைக் கொன்னுச்சுன்னா, லைக்காவுக்கு மட்டும் எப்படிக் கடை ஓடுது?

இதுக்கு பதில் வேணும்னா, பழைய கேமரா கடை எதில் சம்பாதித்தது என்று முதலில் பார்க்கணும். கேமராவில் இல்லை. ஃபிலிமில். வீட்டில் அப்பா அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. 36 போட்டோ ரோல் ஒன்று வாங்கணும். எடுத்து முடித்ததும் கழுவக் கொடுக்கணும். பிரிண்ட் போடணும். மாமாவுக்கு ஒரு காப்பி, அத்தைக்கு ஒரு காப்பி, ஒரு ஆல்பம். கேமரா வாங்கினவர் பத்து வருஷம் அதே கடைக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருப்பார். எங்க ஐடி பாஷையில் சொன்னா, கேமரா ஒன் டைம் பேமென்ட், ஃபிலிம்தான் சப்ஸ்கிரிப்ஷன். கேமராவில் கடைக்காரர் லாபத்தைக் குறைத்துக்கொள்ளலாம், அரை மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லியும் கொடுக்கலாம். அந்த நேரத்துக்கான காசு பின்னாடி ரோல் ரோலாக வந்துவிடும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதே கணக்குதான்.

டிஜிட்டல் வந்ததும் அந்த சப்ஸ்கிரிப்ஷன் கேன்சல் ஆனது. இதை நிறைய பேர் கவனிக்கிறதில்லை. 2000-களில் டிஜிட்டல் கேமரா விற்பனை ஏறிக்கொண்டே இருந்தது, கடையிலும் கூட்டம் இருந்தது. ஆனால் கடையின் அஸ்திவாரம் அப்போதே போய்விட்டது. விற்பனை உச்சத்தில் இருக்கும்போதே நோய் வந்துவிட்டது என்று சொல்லலாம்.

அப்புறம் போன் வந்தது. ஜப்பான் கேமரா தயாரிப்பாளர்கள் சங்கமான சிபா வெளியிடும் கணக்குப்படி, 2010-இல் உலகம் முழுக்கக் கடைகளுக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12.1 கோடி. 2023-இல் சுமார் 77 லட்சம். பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. காணாமல் போனதில் பெரும்பகுதி சின்ன பாயின்ட் அண்ட் ஷூட் கேமராக்கள். கல்யாணம், டூர், பிறந்தநாள் என்று சாதாரண மக்கள் கடைக்கு வந்ததே அதற்காகத்தான். மிஞ்சியது லென்ஸ் மாற்றும் கேமராக்கள். எண்ணிக்கை குறைவு, விலை அதிகம்.

மிஞ்சின அந்த வியாபாரத்தில்தான் ஆன்லைன் கை வைத்தது. ஒரு சின்னக் கணக்கு. எண்கள் உதாரணத்துக்கு மட்டும். கேமரா ஒரு லட்சம், அதில் கடைக்காரருக்கு நிற்பது எட்டாயிரம்னு வெச்சுக்கோங்க. ஒருத்தர் வருகிறார், நாலு கேமராவைக் கையில் எடுத்துப் பார்க்கிறார், முக்கால் மணி நேரம் கேள்வி கேட்கிறார். அப்புறம் போனை எடுத்து, ஆன்லைனில் ஐயாயிரம் கம்மியா இருக்கே என்கிறார். கடைக்காரர் அந்த விலைக்கு இறங்கினால் கையில் நிற்பது மூவாயிரம். அதில் வாடகை, சம்பளம், கரண்ட். இறங்கவில்லை என்றால் சைபர், முக்கால் மணி நேரமும் போச்சு. விளக்கிச் சொன்ன செலவு ஒருத்தருக்கு, விற்ற லாபம் இன்னொருத்தருக்கு. ஆங்கிலத்தில் இதற்கு ஷோரூமிங் என்று பெயர்.

லைக்கா இந்தக் கதைக்குள் வருவதற்கு முன்னால் அதுவே செத்துப் பிழைத்த கம்பெனி. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரம். ஆஸ்கர் பர்னாக் என்ற இன்ஜினியர் வடிவமைத்த, 35 எம்எம் ஃபிலிமில் ஓடும் சின்ன கேமராவை 1925-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். கார்த்தியே ப்ரெஸ்ஸோன் போன்ற தெருப் போட்டோகிராஃபர்களின் கைக்கருவி அதுதான். அவ்வளவு பெயர் இருந்தும் டிஜிட்டலில் தடுமாறி, 2005-இல் முதலீட்டில் பாதிக்கு மேல் கரைந்து, வங்கிகள் கடன் வரம்பைக் குறைக்கும் நிலைக்கு வந்துவிட்டது. அப்போது உள்ளே வந்தவர் ஆண்ட்ரியாஸ் காஃப்மன். ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், குடும்பச் சொத்தை முதலீடாகப் போட்டார். லைக்காவில் பங்கு வைத்திருந்த ஹெர்மீஸ், அதாவது பாரிஸின் ஆடம்பரப் பை கம்பெனி, பிறகு அவரிடமே தன் பங்கை விற்றுவிட்டுப் போனது. ஹெர்மீஸ் போனாலும் அந்த வியாபார முறை லைக்காவிலேயே தங்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம். 2006-இல் டோக்கியோவின் கின்சா பகுதியில் லைக்காவின் முதல் சொந்தக் கடை திறந்தது. சுற்றிலும் நகை, வாட்ச், ஃபேஷன் கடைகள். கேமராக் கடைகளுக்கு நடுவில் போய் லைக்கா கடை போடவில்லை, வாட்ச் கடைகளுக்கு நடுவில் போட்டது.

ஏன் சொந்தக் கடை? முதல் காரணம் அந்த கேமராவே. லைக்காவின் எம் வரிசை ரேஞ்ச்ஃபைண்டர் வகை. ஆட்டோஃபோகஸ் கிடையாது. வியூஃபைண்டரில் ஒரே காட்சி இரண்டு படமாகத் தெரியும். லென்ஸைத் திருகி இரண்டையும் ஒன்றாகப் பொருத்தினால் ஃபோகஸ். இதை எழுதிப் புரிய வைக்க முடியாது, கண்ணை வைத்துப் பார்க்கணும். 2022-இல் வந்த எம்11 அமெரிக்காவில் 8,995 டாலர், லென்ஸ் தனி. அவ்வளவு காசுக்கு யாரும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு பட்டனை அழுத்த மாட்டார்கள் (அழுத்துறவங்களும் இருக்காங்க, அவங்க வேற லெவல்). சொல்லிக் கொடுக்க ஆள் வேணும், அந்த ஆள் விலையை இறக்காமல் இருக்கவும் வேணும்.

அந்த இரண்டாவது பாதிதான் ரொம்ப முக்கியம். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதியும் இதுதான்.

ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் ஒரு தயாரிப்பாளர் தனிக் கடைக்காரரிடம், இந்த விலைக்குக் கீழே விற்காதே என்று கட்டளை போட முடியாது. போட்டி சட்டப்படி குற்றம். 2018-இல் ஐரோப்பிய ஆணையம் இதற்காக ஆசுஸ், பிலிப்ஸ், பயனியர், டெனான் அண்ட் மரான்ட்ஸ் ஆகிய நாலு கம்பெனிகளுக்கும் சேர்த்து 11 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. பிரிட்டனில் கீபோர்டு, டிஜிட்டல் பியானோ விலையைப் பிடித்து வைத்ததற்காக காசியோவுக்கு 2019-இல் 37 லட்சம் பவுண்ட். கிட்டார் கம்பெனி ஃபெண்டருக்கு 2020-இல் 45 லட்சம் பவுண்ட். கேமராவும் கிட்டாரும் ஒரே மாதிரி சரக்கு. ஆசையில் வாங்குவது, கையில் எடுத்துப் பார்த்து வாங்குவது.

ஆனா கடையே உங்களோடதுன்னா? அப்ப நீங்கதான் விற்கிறவர். உங்க சரக்கு, உங்க விலை. சட்டத்துக்கு அதில் வேலை இல்லை. பக்கத்துக் கடையில் கம்மியா இருக்கே என்று கேட்கப் பக்கத்துக் கடையும் குறைவு. டீலருக்குப் போக வேண்டிய மார்ஜினும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். யார் வாங்கினார், எப்போது வாங்கினார், அடுத்து எந்த லென்ஸ் கேட்பார் என்கிற விவரமும் நேராகக் கம்பெனிக்கு வரும். டீலர் வழி விற்றபோது அந்தத் தகவல் டீலரின் நோட்டில்தான் இருக்கும். ஆப்பிள் 2001-இல் தன் முதல் கடைகளைத் திறந்தபோது இதைத்தான் செய்தது. லைக்காவுக்கு பலன் கிடைத்தது என்றுதான் சொல்லணும். 2023-24 நிதியாண்டில் வருமானம் சுமார் 55.4 கோடி யூரோ, அதுவரை இல்லாத உச்சம். இதில் போன் கம்பெனிகளுக்குப் பெயரும் தொழில்நுட்பமும் கொடுத்ததன் பங்கும் உண்டு. முழுக்கக் கடையால் என்று நான் சொல்ல மாட்டேன்.

சரி, கம்பெனிக்கு லாபம். வாங்குகிற நமக்கு?

என் வருத்தம் இங்கதான் இருக்கு. பிராண்ட் கடைக்குப் போனால் மரியாதை கிடைக்கும், காபி கூடக் கிடைக்கலாம், கேமராவைப் பற்றி அந்த ஊழியருக்கு உண்மையிலேயே ஆழமாகத் தெரியும். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒரு வாக்கியத்தை மட்டும் அவரால் சொல்ல முடியாது: "சார், உங்களுக்கு இது வேண்டாம், பக்கத்துல இருக்கிற அந்த பாதி விலை நிக்கானே போதும்." எல்லா பிராண்டும் விற்கிற கடைக்காரருக்கு இதைச் சொல்வதில் நஷ்டமே இல்லை, ஏன்னா இரண்டும் அவர் சரக்குதான். எதை வாங்கினாலும் ஃபிலிம் வாங்க அவரிடம்தானே வரப் போகிறீர்கள். அவர் தர்மவான் என்பதால் மட்டும் வந்த நேர்மை இல்லை இது, அந்தக் கடையின் கணக்கு அப்படி இருந்தது. கணக்கு மாறினதும் அதுவும் போச்சு. இப்போது ஒரு சோனியையும் ஒரு ஃபியூஜியையும் இரண்டு கையில் பிடித்து எடை பார்க்கக்கூட இடம் தேட வேண்டியிருக்கிறது. அதற்குப் பதிலாக நமக்குக் கிடைத்திருப்பது யூடியூப் ரிவ்யூ. அதில் பாதி யாருடைய காசில் ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

பிராண்டுகளுக்கும் இதில் ஒரு ஆபத்து இருக்கு. லைக்கா வாங்குகிறவர் யாரும் முதல் கேமராவாக அதை வாங்குவது அபூர்வம். எங்கேயோ ஒரு சாதாரணக் கடையில், சாதாரண கேமராவில் ஆரம்பித்து, பைத்தியம் முற்றித்தான் அங்கே வந்து நிற்பார். அந்த முதல் கடைகள் எல்லாம் போய்விட்டால் பைத்தியம் எங்கே பிடிக்கும்? கம்பெனிகளுக்கும் இது தெரியாமல் இல்லை. ஃபியூஜிஃபில்ம் 2019-இல் லண்டன் கோவென்ட் கார்டனில் திறந்த இடத்தில் கேமராவைத் தொட்டுப் பார்க்கலாம், பிரிண்ட் போட்டுக்கலாம், கேலரி பார்க்கலாம். லைக்கா தன் பெயரை ஹுவாவே போனிலும், 2022-இலிருந்து ஷாவ்மி போனிலும் போட்டிருக்கிறது. முதல் பழக்கம் இனி போனில்தான் என்று முடிவு பண்ணிட்டாங்க போல.

தனிக் கடைகள் எல்லாமே செத்துவிடவும் இல்லை. சில கடைகள் கட்சி மாறின. நெதர்லாந்தில் லிஸ்ஸே என்ற சின்ன ஊர், டூலிப் தோட்டத்துக்குப் பெயர் போனது. அங்கே லைக்கா ஸ்டோர் என்று போர்டு வைத்து நடத்துவது ஒரு தனிப்பட்ட கேமரா வியாபாரக் குடும்பம். போர்டு கம்பெனியுடையது, ரிஸ்க் கடைக்காரருடையது. இந்த மாதிரி டீலர் நடத்தும் லைக்கா ஸ்டோர்கள் வேறு ஊர்களிலும் உண்டு. அதனால் பிராண்ட் பெயர் போட்ட கடை எல்லாம் கம்பெனி கடை என்று நினைக்க வேண்டாம். நியூயார்க்கின் பி அண்ட் எச் மாதிரி சில கடைகள் ஆன்லைனிலும் தாங்களே பெரிய ஆளாகிவிட்டன.

இன்னொரு வழி செகண்ட் ஹேண்ட். டோக்கியோ ஷின்ஜுகுவில் மேப் கேமரா இருக்கு, பிரிட்டனில் 2011-இல் தொடங்கிய எம்பிபி முழுக்கப் பழைய கேமராவை ஆன்லைனில் வாங்கி விற்கிறது. இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. புது கேமராவின் விலை எல்லாருக்கும் தெரியும், போனில் தட்டினால் வந்துவிடும். பழைய கேமரா ஒவ்வொன்றும் தனி. ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கு, கீறல் இருக்கா, லென்ஸுக்குள்ள என்ன இருக்கு என்று பார்த்து விலை சொல்ல ஆள் தேவை. கடைக்காரரின் அறிவுக்கு மறுபடியும் காசு கிடைக்கிற இடம் அது. ஐந்து பிராண்ட் ஒரே கண்ணாடி அலமாரிக்குள் பக்கத்துப் பக்கத்தில் இன்னும் உட்கார்ந்திருப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

முதல் கேமரா வாங்கப் போறேன், எங்க போகட்டும்னு கேட்டு நிறைய மெசேஜ் வந்திருக்கு. உங்க ஊர்ல அப்படி ஒரு அலமாரி இருந்தா முதல்ல அங்க போங்க, வாங்காட்டியும் பரவாயில்ல, நாலையும் கையில பிடிச்சுப் பாருங்க. கடைக்காரர் நல்லா சொல்லிக் கொடுத்தாருன்னா ஒரு பையோ ஒரு ஃபில்டரோ அங்கேயே வாங்கிட்டு வாங்க, அந்த முக்கால் மணி நேரத்துக்கு. அடுத்த எபிசோட் பழைய லென்ஸ் பற்றி: டார்ச் அடிச்சு பூஞ்சை பார்க்கிறது எப்படி, எந்தப் பூஞ்சையைத் துடைக்கலாம், எதைப் பார்த்தா லென்ஸை அப்படியே திருப்பிக் கொடுத்துட்டு வந்துடணும்.