ஆயாவின் மடியும் குழந்தையின் காதும்

1882 அக்டோபரில் ஆங்கிலேய இளைஞர் ஒருவர் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கினார். பதினேழு வயது நிறைய இன்னும் சில வாரங்கள் இருந்தன. பிறந்தது அதே ஊரில்தான். ஐந்து வயதில் இங்கிலாந்துக்குப் போனவர், பதினோரு ஆண்டுகள் கழித்துத் திரும்பியிருக்கிறார். தெருக்களின் காட்சியும் வாசனையும் சூழ்ந்துகொண்டதும் அவர் வாயிலிருந்து உள்ளூர் மொழியில் வாக்கியங்கள் தாமாக வரத் தொடங்கின. தாம் சொல்வது என்னவென்று அவருக்கே விளங்கவில்லை. இந்தியாவில் பிறந்த வேறு சில ஆங்கிலேயர்களும் தங்களுக்கு இப்படியே நேர்ந்ததாகச் சொன்னார்கள் என்று பிற்காலத்தில் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார். அவர்தான் எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங்.

பொருள் போய்விட்டது, ஒலி தங்கிவிட்டது. இது எப்படி நடக்கும்? குழந்தையின் காதும் மூளையும் எப்படி உருவாகின்றன என்று ஆராய்பவர்கள் கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு வெகு அருகில் வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றைப் படிக்கப் படிக்க, பெயர்கூடப் பதிவாகாமல் போன ஆயிரக்கணக்கான ஆயாக்கள்மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

கிப்ளிங்கின் தந்தை பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் ஆசிரியர். பிள்ளையின் பகல் பொழுது முழுக்கக் கோவாவைச் சேர்ந்த கத்தோலிக்க ஆயாவிடமும், மீட்டா என்ற இந்துப் பணியாளரிடமும் கழிந்தது. காலையில் பழச்சந்தை, வழியில் கோயில், மதியத் தூக்கத்துக்கு முன்னால் கதையும் பாட்டும். மாலையில் பெற்றோரைப் பார்க்கச் சாப்பாட்டு அறைக்குள் அனுப்பும்போது, அப்பா அம்மாவிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று ஆயா நினைவூட்டி அனுப்புவார். குழந்தை தட்டுத்தடுமாறிப் பேசும். நினைப்பதும் கனவு காண்பதும் ஒரு மொழியில். அதை மனத்துக்குள் பெயர்த்துத்தான் தாய்மொழியைப் பேச வேண்டியிருந்தது.

அந்தக் காலத்து ஆங்கிலேய வீடுகளில் இது சாதாரணம். நீதிபதியான கணவருடன் 1830களில் ராஜமுந்திரியில் வாழ்ந்த ஜூலியா மெய்ட்லாண்ட், தன் மகள் உள்ளூர் மொழிகளைக் கற்காமல் முடிந்தவரை பார்த்துக்கொள்ளப் போவதாகக் கடிதத்தில் எழுதினார். பெரும்பாலான ஆங்கிலேயக் குழந்தைகள் அப்படித்தான் கற்றுக்கொண்டு இந்தியக் குழந்தைகளாகவே மாறிவிடுகிறார்கள் என்பது அவர் கவலை. இந்தக் கவலை அவருக்கும் வெகு காலம் மூத்தது. ரோமானியச் செல்வந்தர்களின் பிள்ளைகளைக் கிரேக்க அடிமைப் பெண்களிடம் விட்டுவிடுகிறார்கள் என்று டாசிட்டஸ் எழுதிய ஓர் உரையாடலில் ஒரு பாத்திரம் புலம்புகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் சொரானஸ் நேர் எதிராகச் சொன்னார்: செவிலி கிரேக்கப் பெண்ணாக இருந்தால்தான் குழந்தைக்குச் சிறந்த மொழி பழகும். இருவரும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பவரின் பேச்சு பிள்ளைக்குள் போகிறது.

எப்போது போகிறது என்பதைத்தான் ஆய்வகம் காட்டியது. 'பாடம்', 'பாதம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் சொல்லில் நாக்கு மேலண்ணத்தை நோக்கி மடிகிறது. இரண்டாவதில் நுனி பல்லைத் தொடுகிறது. நமக்கு இவை இரண்டும் வேறு வேறு ஒலிகள் என்பதில் சந்தேகமே இல்லை. ஆங்கிலம் மட்டும் அறிந்த பெரியவருக்கோ, ஒரே ஒலியை இரண்டு முறை கேட்பதுபோல் இருக்கும். இந்தியிலும் இதே வேறுபாடு உண்டு. கனடாவின் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்த இந்தி ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள்.

பேசத் தெரியாத குழந்தையிடம் எப்படிக் கேட்பது? அம்மாவின் மடியில் குழந்தை உட்கார்ந்திருக்கும். தன்னையறியாமல் அம்மா சைகை காட்டிவிடக் கூடாது என்பதற்காக அவர் காதில் ஹெட்போன், அதில் பாட்டு. எதிரே ஒருவர் பொம்மையை ஆட்டி வேடிக்கை காட்டிக்கொண்டிருப்பார். ஒலிபெருக்கியில் ஒரே அசை திரும்பத் திரும்ப வரும். அசை மாறும் கணத்தில், பக்கத்திலிருக்கும் கருமையான பெட்டிக்குள் விளக்கெரிந்து உள்ளேயிருக்கும் பொம்மை குதிக்கும். இரண்டொரு முறை பார்த்த குழந்தை, அசை மாறியதுமே பெட்டிப் பக்கம் தலையைத் திருப்பக் கற்றுக்கொள்ளும். தலை திரும்பினால் மாற்றம் காதில் விழுந்துவிட்டது என்று பொருள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் திரும்பினார்கள். 10 முதல் 12 மாதத்தில் அப்படித் திரும்பியவர்கள் வெகு சிலர். பிறந்து ஓர் ஆண்டு நிறைவதற்குள், சுற்றிலும் கேட்காத ஒலிகளைக் காது விலக்கத் தொடங்கிவிடுகிறது. முதல் சொல் வாயில் வரும் முன்பே நடந்து முடியும் வேலை இது.

அந்த ஓர் ஆண்டில் காதருகே யார் இருக்கிறார்கள் என்பதுதான் எல்லாம். 'இருக்கிறார்கள்' என்பதை அழுத்தியே சொல்கிறேன். சியாட்டிலில் பேட்ரிஷியா கூலும் உடனிருந்தவர்களும் 2003இல் வெளியிட்ட சோதனை இதற்குச் சான்று. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுடன் சீன மாண்டரின் பேசுபவர்கள் தரையில் உட்கார்ந்து, புத்தகம் வாசித்து, பொம்மை காட்டி விளையாடினார்கள். ஒவ்வொன்றும் 25 நிமிடம், மொத்தம் 12 அமர்வுகள். முடிவில் இந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலி வேறுபாட்டை, மாண்டரின் கேட்டு வளர்ந்த குழந்தைகளைப் போலவே பிரித்தறிந்தார்கள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் படமாகப் பதிவுசெய்து திரையில். வேறொரு குழுவுக்கு ஒலி மட்டும். இந்த இரண்டு குழுக்களும் எதையும் கற்கவில்லை. குழந்தை கண்ணைப் பார்க்கிறது, பார்வை போகும் திசையில் தானும் பார்க்கிறது, தான் குரலெழுப்பினால் பதில் வருகிறதா என்று காத்திருக்கிறது. அந்தப் பதிலோடு சேர்ந்துதான் ஒலி உள்ளே போகிறது. பிள்ளைக்கு மாண்டரின் வர வேண்டும் என்று சீனச் செவிலியரைத் தேடும் நியூயார்க் குடும்பங்கள் விலை கொடுத்து வாங்க நினைப்பது மொழியை. குழந்தைக்குப் போய்ச் சேருவதோ அந்தப் பெண்ணின் கவனம். கவனம் இல்லாவிட்டால் மொழியும் வராது.

செவிலி போய்விட்டால்? ஆண்டுகள் கழிந்து ஒரு சொல்கூட நினைவில் இல்லாமல் போனால்?

எதுவும் மிஞ்சாது என்றுதான் முதலில் தோன்றியது. கொரியாவில் பிறந்து, 3 முதல் 8 வயதுக்குள் பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துப்போய் வளர்ந்தவர்களைக் கிறிஸ்டோஃப் பாலியே குழுவினர் சோதித்தார்கள். கொரிய வாக்கியத்தை வேறு அயல்மொழி வாக்கியத்திலிருந்து அவர்களால் பிரிக்க முடியவில்லை. ஸ்கேனில் அவர்கள் மூளையும் மற்ற பிரெஞ்சுக்காரர்களின் மூளையைப் போலவே நடந்துகொண்டது. 2003இல் வந்த இந்த முடிவைப் படிக்கும் யாருக்கும் மனம் கனக்கும்.

ஆனால் நினைவிருக்கிறதா என்று கேட்பது ஒன்று. மறுபடி கற்கும்போது என்ன ஆகிறது என்று பார்ப்பது வேறொன்று. சிறு வயதில் வெளிநாட்டில் இருந்தபோது இந்தியோ ஜூலுவோ பழகி, பிறகு அடியோடு மறந்துவிட்ட ஆங்கிலேயர்களை ஜெஃப்ரி பவர்ஸ் குழு தேடிப் பிடித்தது. 2009இல் வெளியான அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தொடக்கத்தில் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. நாள்தோறும் பயிற்சி கொடுத்துக்கொண்டே போனபோது, 40 வயதுக்குக் குறைந்தவர்களின் காது திறந்துகொண்டது. நாம் மேலே சொல்லிப் பார்த்தோமே, அதே நாமடி ஒலியை அவர்கள் மெல்ல மெல்லப் பிரித்தறிந்தார்கள். மறந்த மொழியின் ஒலிகளில் மட்டும்தான் இந்த முன்னேற்றம். அந்த மொழியையே கேட்டிராதவர்களுக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தும் வரவில்லை. 40ஐத் தாண்டியவர்களுக்கும் வரவில்லை.

அடுத்து வந்தவை இன்னும் வியப்பு. மாண்ட்ரியலில், சீனாவிலிருந்து சராசரியாக ஒரு வயதை ஒட்டித் தத்தெடுக்கப்பட்டுப் பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சிறுமிகளுக்குச் சீன மொழியின் தொனிகளைக் கேட்கச் செய்து மூளையைப் படமெடுத்தார்கள். தொனி ஏறி இறங்கினால் சொல்லே மாறிவிடும் மொழி அது. பிரெஞ்சு மட்டும் அறிந்தவருக்கு அது வெறும் ராகம். இந்தச் சிறுமிகளுக்குச் சீனம் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அவர்கள் மூளையின் இடப்பக்கத்தில், சீனம் பேசுபவர்களுக்கு வேலை செய்யும் அதே பகுதி விழித்துக்கொண்டது. பன்னிரண்டு ஆண்டுகளாக யாரும் தட்டாத கதவு, பூட்டப்படாமலே இருந்திருக்கிறது. இது வெளியானது 2014இல். நெதர்லாந்துக்குத் தத்துப்போன கொரியர்களை வைத்து 2017இல் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. பயிற்சிக்குப் பிறகு, கொரிய ஒலிகளைச் சொல்லிக்காட்டுவதில் அவர்கள் மற்ற டச்சுக்காரர்களை முந்தினார்கள். ஆறு மாதம் ஆகுமுன்பே நாட்டைவிட்டுப் போனவர்களும், ஒன்றரை வயதுக்குப் பின் போனவர்களும் அதில் சமமாகவே இருந்தார்கள். ஆறு மாதக் குழந்தை ஒரு சொல்லும் பேசாது. கேட்டது மட்டும்தான். அதுவே வளர்ந்த பிறகும் நின்றிருக்கிறது.

கிப்ளிங் ஐந்து வயதுவரை பேசிப் பழகியவர். அவர் கதையையும் இந்தச் சோதனைகளையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் பொருள் தெரியாத வாக்கியங்கள் அவர் நாவில் வந்தது ஏதோ மாயம் என்று இனி யாரும் ஒதுக்கிவிட முடியாது.

கண்ணிலும் இதே கதைதான். பிறந்த குழந்தை எல்லா இனத்து முகங்களையும் ஒரேபோல் பார்க்கிறது. மூன்று மாதத்தில், தன்னைச் சுற்றியுள்ளவர்களின் இனத்து முகத்தையே கூடுதல் நேரம் பார்க்கிறது. இஸ்ரேலின் குடியேற்ற மையங்களில் கறுப்பினத்தவரையும் வெள்ளையினத்தவரையும் நாள்தோறும் பார்த்து வளர்ந்த எத்தியோப்பியக் குழந்தைகளிடம் அந்தச் சாய்வு காணப்படவில்லை. பிறப்பு இதைத் தீர்மானிப்பதில்லை. தொட்டிலின்மேல் குனியும் முகங்கள்தான் தீர்மானிக்கின்றன.

பெற்றவள் மட்டுமே வளர்க்க வேண்டும் என்று மனித இயற்கை விதித்திருப்பதாக நான் நினைக்கவில்லை. காங்கோவின் இத்தூரி காட்டில் வாழும் எஃபே மக்களிடம், நான்கு மாதக் குழந்தை பகலில் பெரும்பகுதியை அம்மா அல்லாத கைகளிலேயே கழிக்கிறது. மனித இனம் வளர்ந்த விதமே அப்படித்தான் என்று மானுடவியலாளர் சாரா ஹெர்டி விரிவாக எழுதியிருக்கிறார். எஃபே குழந்தையைத் தூக்கிய கைகள் மறுநாளும் அங்கே இருக்கும் என்பதுதான் பெரிய வேறுபாடு. வசதியான வீடுகளின் செவிலி ஒருநாள் போய்விடுகிறாள், போகும்போது குழந்தையிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. பற்றுதல் கோட்பாட்டை உருவாக்கிய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1907இல் லண்டனில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். அம்மாவை நாளுக்கு ஒரு மணி நேரம் பார்த்து, மின்னி என்ற இளம் செவிலியிடம் வளர்ந்தார். நான்கு வயதை எட்டும் நேரத்தில் மின்னி வேலையைவிட்டுப் போய்விட்டாள். குழந்தைக்கு அது தாயை இழப்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல என்பதை உலகுக்குப் புரியவைக்க அந்தப் பிள்ளையே வளர்ந்து வர வேண்டியிருந்தது.

ஆயாக்களின் பக்கம் இன்னும் இருண்டது. கப்பலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அழைத்துச் செல்லப்பட்ட இந்தியப் பெண்கள் பலர், இங்கிலாந்தில் இறங்கியதும் திரும்பும் டிக்கெட் இல்லாமல் கைவிடப்பட்டார்கள். அவர்களுக்கென்று லண்டனில் ஒரு விடுதியே நடந்தது. 1900இல் அது ஹாக்னி பகுதிக்கு மாறியது. இந்தியாவுக்குப் போகும் வேறொரு குடும்பம் கூப்பிடும்வரை அங்கே காத்திருப்பார்கள். அந்தக் கட்டடத்தில் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது 2022இல்தான். அவர்கள் வளர்த்த பிள்ளைகளில் எத்தனை பேரின் காதில் மராத்தியும் தமிழும் வங்கமும் கடைசிவரை உறங்கிக் கிடந்தனவோ!

இன்றைக்கு ஹாங்காங்கில் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட அயல்நாட்டுப் பெண்கள் வீட்டு வேலையும் பிள்ளை வளர்ப்புமாக இருக்கிறார்கள். பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். இரண்டு ஆண்டு ஒப்பந்தம், முதலாளி வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது விதி. அவர்களில் பலருக்கு ஊரில் சொந்தக் குழந்தை உண்டு, பாட்டியிடமோ சித்தியிடமோ வளர்கிறது. இரவு வேலை முடிந்த பிறகு செல்போன் திரையில்தான் அம்மா. பதிவுசெய்த படம் குழந்தைக்கு எதையும் கற்றுத்தரவில்லை என்று சியாட்டில் சோதனை சொன்னதால், இந்த அம்மாக்களை எண்ணிக் கவலைப்பட்டேன். அமெரிக்க ஆய்வாளர்கள் சாரா ரோஸ்பெரி, கேத்தி ஹிர்ஷ்-பாசெக், ராபர்ட்டா கோலின்கோஃப் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளுக்குப் புதிய சொற்களை மூன்று வழிகளில் சொல்லிக்கொடுத்தார்கள்: நேரில், பதிவுசெய்த படத்தில், வீடியோ அழைப்பில். பதிவிலிருந்து கற்கவில்லை. வீடியோ அழைப்பிலிருந்து கற்றார்கள், நேரில் கற்ற அளவுக்கே கற்றார்கள். அழைப்பில் இருப்பவர் குழந்தை சிரித்தால் சிரித்தார், கேட்டால் பதில் சொன்னார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது போதுமானதாக இருந்தது.