மனச்சாட்சியும் முத்துச் சலாபமும்

கிறிஸ்து மதத்தைத் தழுவிய நம் சகோதரர்களைப் பற்றி நம்மவரிற் சிலர் அடிக்கடி சொல்லும் குற்றச்சாட்டு ஒன்றுண்டு. அந்நியனுடைய ஆதரவை நாடி மதம் மாறியவர்கள் இவர்கள். ஆதரவு நீங்கினால் இவர்களுடைய விசுவாசமும் நீங்கிவிடும் என்பதே அது. இது மெய்யோ பொய்யோ என்று வீண் தர்க்கம் செய்ய வேண்டுவதில்லை. தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட முத்துக்குளித்துறைக் கரையிலே இந்த விஷயம் பலமுறை பரீட்சிக்கப்பட்டுத் தீர்ப்பும் கூறப்பட்டுவிட்டது. அந்தச் சரித்திரத்தை அறியாமல் பேசுவதுதான் நமது குறை.

குற்றஞ் சாட்டுவோர் பக்கத்தில் ஓரளவு உண்மை இருப்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வோம். 16-ம் நூற்றாண்டின் முற்பகுதியில், முத்துக் குளிப்பாகிய சலாபத்தின் ஆதிக்கம் பற்றிக் கரையிலுள்ள பரதவருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் கடும் பகை மூண்டது. அது முத்தைப் பற்றிய சண்டையேயன்றி மதத்தைப் பற்றியதன்று. நெருக்குண்ட பரதவர், ஜோவாம் தா குரூஸ் என்ற மலையாளத்துக் குதிரை வியாபாரியின் யோசனையைக் கேட்டுக் கொச்சியிலிருந்த போர்த்துக்கீசியரிடம் தூது போயினர். பட்டங்கட்டிமார் சிலர் அங்கேயே ஞானஸ்நானம் பெற்றார்கள். 1536, 1537-ம் வருஷங்களில் கரையோரத்துக் கிராமங்களெல்லாம் அவர்களைப் பின்பற்றின. சுமார் 20,000 பேர் என்பது வழக்கமாகக் கூறும் கணக்கு. 1538-ல் போர்த்துக்கீசியர் வேதாளையில் எதிர்க்கப்பல்களை முறியடித்தனர். இவ்வளவும் ஒரு பேரமென்று எவரேனும் கூறுவராயின், நாம் மறுக்கப் போவதில்லை. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்து ஜபங்களைத் தமிழிற் பெயர்க்கச் செய்து கற்பிக்கும் வரையில், தாங்கள் ஏற்றுக்கொண்டது இன்னதென்று எடுத்துச் சொல்ல ஆளின்றியே அந்த ஜனங்கள் இருந்தார்கள்.

ஆனால் பேரத்தில் தொடங்கியது பேரமாகவே நின்றதா? அதுதான் கேள்வி.

1544-ம் வருஷம் ஜூன் மாதத்தில் வடுகர் படை குமரிமுனைப் பக்கத்துக் கிராமங்களின் மேல் பாய்ந்தது. கரையின் வருமானம் பறங்கியர் கைக்குப் போய்விட்டதென்ற ஆத்திரம் உள்நாட்டு அதிகாரிகளுக்கு இருந்தது. ஜனங்கள் கடலிலுள்ள பாறைகளில் தஞ்சம் புகுந்தனர். தலைக்கு மேல் வெயில். நாற்புறமும் உப்பு நீர். பசியாலும் தாகத்தாலும் பலர் அங்கேயே மாண்டனர். மணப்பாட்டிலிருந்து சவேரியார் இருபது தோணிகளுடன் உதவிக்குப் புறப்பட்டார். எதிர்க்காற்றுப் போகவொட்டாமல் தடுக்கவே, கால்நடையாகச் சென்று அவர்களைக் கண்டார். சில மாதங்களுக்குள் தூத்துக்குடி ஜனங்களுக்கும் அதே கதி நேர்ந்தது. அவர்கள் எதிரேயுள்ள தீவுகளுக்கு ஓடி அன்னமும் தண்ணீருமின்றித் தவித்தார்கள். கடலுக்கு அக்கரையில், முத்துக்குப் பேர்போன மன்னாரிலே, புதிதாக ஞானஸ்நானம் பெற்ற சுமார் 600 பேரை யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி அவ்வருஷமே வாளுக்கு இரையாக்கினான்.

இவர்களைக் காப்பதாக வாக்களித்த பறங்கியர் என்ன செய்தார்கள்? கரையிலிருந்த போர்த்துக்கீசிய உத்தியோகஸ்தர்களின் பேராசையையும் கொடுமையையும் பற்றிச் சவேரியாரே தம் தோழர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில் மனம் நொந்து கூறுகிறார். 1549-ல் வேதாளையில் நிகழ்ந்ததையும் கவனியுங்கள். இராமேசுவரத்துக்குப் போகும் யாத்திரிகர்களை அங்கிருந்த போர்த்துக்கீசியத் தளபதி மறித்து வரி கேட்டான். தெய்வ தரிசனத்துக்குப் போகிறவனிடம் கத்தியைக் காட்டிப் பணம் பறித்தால் எந்த ஜனங்கள் பொறுப்பார்கள்? வடுகர் படை திரண்டு வந்தது. பெண்களையும் குழந்தைகளையும் தோணியேற்றிவிட்டுத் தாம் தப்பிப்போக மறுத்த அந்தோனி கிரிமினாலி என்ற இத்தாலியக் குரு அங்கே கொல்லப்பட்டார். யாத்திரிகனைக் கொள்ளையிட்டவன் ஒருவன். உயிர் கொடுத்தவன் மற்றொருவன்.

மதம் ராஜாங்கத்தின் குடைக்கீழ் ஒதுங்கினால், ராஜாங்கம் செய்யும் அக்கிரமத்துக்கெல்லாம் மதத்தை அநுசரிக்கும் ஏழைகளே கடன் தீர்க்க நேரிடும் என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகிறது. தளபதியின் மேலுள்ள கோபம் தோணிக்காரன் தலையில் விழுந்தது. இது எக்காலத்துக்கும் எம்மதத்துக்கும் பொருந்தும் உண்மையாகும்.

இனி இரண்டாவது பரீட்சை. இது முந்தியதிலும் விசித்திரமானது. 1658-ல் ஒல்லாந்தக் கம்பெனியார் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். இவர்களும் கிறிஸ்தவரே, ஆனால் புரொட்டஸ்டண்டு மார்க்கத்தினர். கத்தோலிக்கக் குருமாரை நகரை விட்டுத் துரத்தினார்கள். கோயில்களைத் தம் வசப்படுத்தினார்கள். பல்தேயுஸ் என்ற பாதிரியாரைக் கொண்டு பரதவரைத் தம் மார்க்கத்துக்குத் திருப்ப முயன்றார்கள். பழைய காவலனான போர்த்துக்கீசியன் தோற்று ஓடிவிட்டான். கடலும் சலாபமும் துறைமுகமும் புதிய எஜமானன் கையில். ஆதாயத்துக்கு மதம் மாறியவர்கள் என்பது மெய்யானால், ஆதாயம் இப்பொழுது எந்தப் பக்கத்தில் இருந்ததென்று சொல்லவும் வேண்டுமோ? அந்தப் பக்கம் பரதவர் போகவில்லை. குருமார் நகருக்கு வெளியே ஒல்லாந்தர் அதிகாரம் செல்லாத ஊர்களில் தங்கினர். ஜனங்கள் அவர்களைத் தேடிச் சென்று வழிபாடு நடத்தினர். ஒல்லாந்தக் கிறிஸ்தவன் விரட்டிய குருவுக்கு ஹிந்து நாயக்கரின் நாட்டிலே இடங் கிடைத்தது என்பதை நம் தேசபக்தர்கள் மறவாதிருப்பார்களாக.

1687-ல் கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் என்ற இந்தியக் குரு, கூலியாளைப் போல வேடந் தரித்துத் தூத்துக்குடியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கடல் கடந்தார். அங்கே கத்தோலிக்கக் குருவுக்கு இடங்கொடுப்பதே பெருங் குற்றம். அவர் இராக்காலங்களில் வீடு வீடாய்ச் சென்று மறைவில் ஊழியஞ் செய்தார். பின்னர்க் கண்டி ராஜ்யத்தில் ஒற்றனென்று சந்தேகிக்கப்பட்டுச் சிறையுண்டார். உண்மை தெரிந்தபின் அவரைச் சுதந்தரமாய் நடமாடவிட்டவன் ஒரு பௌத்த அரசன். 1711-ல் கண்டியிலேயே காலமானார். 2015-ல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

ஹிந்து அரசர்களெல்லாரும் இவ்வாறே நடந்தார்களென்று நாம் முகஸ்துதி செய்யவில்லை. 1693-ல் மறவர் சீமையிலுள்ள ஓரியூரில் அருளானந்தர் எனப்பட்ட ஜான் தெ பிரிட்டோ சிரச்சேதம் செய்யப்பட்டார். திருவாங்கூர் ராஜாங்க உத்தியோகஸ்தரான நீலகண்ட பிள்ளை, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயமானார். பதவியையும் சுற்றத்தையும் இழந்து, சிறையிலும் தெருவிலும் அவமானப்பட்டு, 1752-ல் காற்றாடி மலையில் சுடப்பட்டு மாண்டார். அவர் அடைந்த ஆதாயம் இதுவே. துவேஷத்துக்கு மதம் கிடையாது; தயைக்கும் அப்படியே. அதிகாரம் மனிதனுடைய நெஞ்சுக்குள் கைவிட நினைக்கும்பொழுது, அது எந்தக் கொடியைப் பிடித்திருந்தாலும் கொடுங்கோலாகிறது.

முடிவில் ஒல்லாந்தரே வளைந்து கொடுத்தார்கள். வியாபாரியாய் வந்தவன் எவ்வளவு நாள்தான் கடலோடிகளின் பகையைச் சம்பாதித்துக்கொண்டிருப்பான்? 1712-ல் அஸ்திவாரமிட்டு 1713-ல் தூத்துக்குடியிலே பனிமய மாதா கோயில் எழுந்தது, ஒல்லாந்தர் ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே. ஒத்துழையாமை என்ற சொல் பிறப்பதற்கு 200 வருஷங்களுக்கு முன், ஆயுதமெடாமல், இடம் விட்டு ஓடாமல், ‘எங்கள் உழைப்பு உனக்கு, எங்கள் மனச்சாட்சி எங்களுக்கு’ என்ற நிலையிலே உறுதியாய் நின்றவர்கள் இந்தத் தோணிக்காரர்கள்.

இவர்களா அந்நியர்? தாகத்தால் தவித்த தூத்துக்குடிக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொணர்ந்த நகரசபைத் தலைவர் குரூஸ் பர்னாந்து இந்தக் குலத்தில், இந்த மதத்தில் பிறந்தவரே. அவர் கொணர்ந்த தண்ணீர் குடிப்பவனுடைய மதத்தைக் கேட்கவில்லை.

அரசியல் நிர்ணய சபை 1948-ம் வருஷம் டிசம்பர் 6-ந் தேதி மத சுதந்தரத்தைப் பற்றி விவாதித்தபொழுது, மதத்தை அநுசரிப்பதோடு பரப்பும் உரிமையும் வேண்டுமென்று வாதித்தவர்களில் நமது மாகாணத்து ஹிந்துக்களான டி. டி. கிருஷ்ணமாச்சாரியும், கே. சந்தானமும், எல். கிருஷ்ணசாமி பாரதியும் இருந்தனர். 25-வது ஷரத்தாக அது நிலைபெற்றது. 2002-ல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004-ல் நீக்கப்பட்டது; இத்தகைய சட்டங்கள் வேறு பல மாகாணங்களில் இருக்கின்றன. பலாத்காரத்தையும் மோசடியையும் தண்டிப்பது நியாயமே. ஆயின் ஒருவன் எதை நம்புகிறான், ஏன் நம்புகிறான் என்று கலெக்டர் கச்சேரியில் விண்ணப்பம் போடச் சொல்வது ஒல்லாந்தன் செய்து தோற்ற வேலை. அதைச் சுதந்தர ராஜ்யம் மேற்கொள்ளலாகாது.

1961-க்குப் பின் தூத்துக்குடிக் கடலில் பெரிய முத்துச் சலாபம் நடக்கவில்லை. பறங்கியனும் போனான், ஒல்லாந்தனும் போனான், ஆங்கிலேயனும் போனான். எதற்காக இந்தக் கரையில் இத்தனை சண்டை நடந்ததோ அந்த முத்தும் போயிற்று. ஜனங்களின் விசுவாசம் மட்டும் போகவில்லை. அது அந்நியன் கொடுத்த சம்பளமன்று என்பதற்கு இதைவிட வேறு சாட்சி யாருக்கு வேண்டும்?