சட்டம் வேண்டுமா, சட்டமே வேண்டாமா?

"சட்டம் எங்களுக்கு என்ன செய்தது, சுவாமி?" முகாம்களிலும் மீள்குடியேறிய ஊர்களிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. பொலிசுக்குப் போனால் மொழி தெரியாது. நீதிமன்றம் போனால் தவணைக்கு மேல் தவணை. இதைவிடச் சட்டம் இல்லாதிருப்பதே நிம்மதி என்று எண்ணுவோரும் உளர். இந்த எண்ணத்தைச் சற்று ஆராய்வோம்.

நீதித் தலைவர்கள் நூலின் இறுதி அதிகாரங்களில் கிபயா ஊரின் கதை வருகிறது. நாட்டில் அரசன் இல்லாத காலம். இரவு தங்க வந்த லேவியரின் துணைவியை ஊர்க் காடையர் விடியும்வரை வதைத்தனர். அவள் வாசற்படியில் விழுந்து இறந்தாள். தான் தப்புவதற்காக அவளை வெளியே தள்ளியவர் அந்த லேவியரே என்பதையும் கவனியுங்கள். முறையிட ஒரு மன்றும் இருக்கவில்லை. குலங்கள் ஆயுதம் எடுத்தன. பென்யமின் குலம் ஏறத்தாழ அழிந்தது. ஈற்றில் எஞ்சிய ஆண்களுக்கு மனைவியராக வேற்றூர்ப் பெண்கள் பறித்துக் கொடுக்கப்பட்டனர். ஒரு பெண்ணுக்காகத் தொடங்கிய பழிவாங்கல் நூற்றுக்கணக்கான பெண்கள் மேல் போய் விழுந்தது. சட்டம் இல்லாத இடம் வெறுமையாகக் கிடப்பதில்லை. பலமுள்ளவன் அங்கு குடியேறிவிடுவான்.

ஆனால் அரசர்கள் முதல் நூலின் 21ஆம் அதிகாரம் மறுபக்கத்தையும் காட்டுகிறது. நாபோத்து தன் முதுசக் காணியை விற்க மறுத்தவர். அரசி அடியாட்களை அனுப்பவில்லை. அரச முத்திரையிட்ட கடிதம், ஊர்ப் பெரியோர், இரண்டு பொய்ச்சாட்சிகள் என்று எல்லாம் முறைப்படியே நடந்தன. நம் நாட்டிலும் 1983இல் அவசரகால விதி 15ஏ, மரண விசாரணையின்றிச் சடலங்களை அகற்றப் படையினருக்கு இடமளித்தது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் ஒருவரை 18 மாதம்வரை தடுத்துவைக்க அனுமதித்தது. 2022இல் அது 12 மாதமாகக் குறைக்கப்பட்டது. எனவே சட்டத்தைக் கண்டு மக்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு.

இருந்தும் நான் சட்டத்தின் பக்கமே நிற்கிறேன். எழுதப்பட்ட கெட்ட சட்டத்தை வாசிக்கலாம், எதிர்க்கலாம், திருத்தலாம். அடாவடிக்காரனின் வாய்ச்சொல்லை என்ன செய்வது? 1996 செப்டெம்பர் 7இல் பரீட்சை எழுதித் திரும்பிய மாணவி கிருசாந்தி குமாரசுவாமி, செம்மணிக் காவலரணில் மறிக்கப்பட்டு, வன்கொடுமைக்குள்ளாகிக் கொல்லப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். 1998இல் கொழும்பு மேல் நீதிமன்றம் படையினருக்கு மரண தண்டனை விதித்தது. தண்டனை பெற்றவர்களில் ஒருவர் செம்மணிப் புதைகுழிகள் பற்றி மன்றில் வாய் திறந்தார்; 1999இல் அங்கு 15 எலும்புக்கூடுகள் மீட்கப்பட்டன. இவ்வாறு முடிந்த வழக்குகள் மிகச் சில என்பதும் உண்மை.

இனி உங்கள் காணிக்கு வருவோம். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, தனியார் காணியை உரிமையாளருக்கு எதிராகப் பத்து ஆண்டு தடையின்றி ஆண்டவர் அதற்கு உரித்துக் கோரலாம். இடம்பெயர்ந்தோர்க்கு இது எவ்வளவு பெரிய அநீதி! அதனால்தான் 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம், ஆயுதக் குழுக்களின் செயல்களால் தம் காணிக்காக வழக்கிட முடியாதிருந்தோர்க்கு, 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காது விட்டது. வழக்கிடத் தந்த அவகாசமோ இரண்டே ஆண்டு. செய்தி ஒழுங்கைகளுக்கு வந்து சேர அதுவே போதாது. உங்கள் வளவில் இப்போது யாரேனும் உங்கள் சம்மதத்தோடு இருந்தால், அதை எழுத்தில் வைத்து இருவரும் கையெழுத்திடுங்கள். சம்மதத்தோடு இருப்பவருக்கு அந்தப் பத்து ஆண்டு ஓடாது. அரச காணிக்கு இவ்வாறு உரித்துக் கோர முடியாது.

வீட்டுக்குள் அடி உதை என்றால், 2005இன் 34ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் பொலிஸ் அலுவலரோ நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது 12 மாதம்வரை நிற்கும்; அடிப்பவரை வீட்டுக்குள் வராமலும் தடுக்கலாம்.

தொல்லை தருபவர் அரச அலுவலர் அல்லது படையினர் என்றால் நாட்களை எண்ணுங்கள். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதமே உண்டு. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கிக் காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள்.