உங்களுக்குத் தெரியுமா?

புகைப்பழக்கமோ கொழுப்புக் கோளாறோ இல்லாத இளம் மிதிவண்டி வீரருக்கும், காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இடுப்புத் தமனி, ஆண்டுக்கணக்கான கடும் பயிற்சியால் உட்சுவர் தடித்துச் சுருங்கக்கூடும்.

• நிமிடத்துக்கு 90 சுற்று மிதிப்பவரின் இடுப்பு, மணிக்கு 5,400 முறை என்ற வேகத்தில் மடங்குகிறது. தமனியும் உடன் மடங்கி மடங்கி, அதன் உட்சுவரில் நார்த்திசு பெருகுவதே எண்டோஃபைப்ரோசிஸ் எனப்படும்.

• உச்ச வேகத்தில் தொடை வலித்து வலுவிழந்தாலும், நின்ற சில நிமிடங்களில் வலி மறைவதால், ஓய்வுநிலைச் சோதனையில் இந்நோய் பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

• பிரான்ஸ் வீராங்கனை பொலீன் ஃபெரான்-பிரெவோ, 2019இல் இதற்கு அறுவைச் சிகிச்சை பெற்று, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்.

முழு வேகத்தில் மட்டும் கால் வலிப்பவர்கள், மிதித்து முடித்த உடனேயே கணுக்கால் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கும்படி மருத்துவரைக் கேட்க வேண்டும்.