சம்பளம் வாங்காத அநுபவம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்புக்கு அருகே, தென்னந்தோப்புகளும் வயல்களும் சூழ விளங்குவது வ. புதுப்பட்டி. படிப்பை முடித்த இவ்வூர் யுவதிகளும் வாலிபர்களும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைகளுக்கோ இராஜபாளையம் நூற்பாலைகளுக்கோ வேலை கோரி எழுத உட்கார்ந்தால், சுயவிவரக் குறிப்பில் ஓரிடத்தில் பேனா நின்றுவிடும். 'முன் அநுபவம்' என்பதே அவ்விடம். 'இல்லை' என்று எழுதிப் பெருமூச்சு விடுவார்கள். முதல் வேலைக்கே இரண்டு வருஷ அநுபவம் கேட்கும் முதலாளிமாரின் தர்க்கம் நமக்கு விளங்குவதில்லை, அது நிற்க.

'இல்லை' என்பது மெய்தானா? தேங்காய் வெட்டு நாளில் காய்களை எண்ணி, வியாபாரியிடம் விலை பேசி, ஆட்களுக்குக் கூலி பட்டுவாடா செய்து, இரவில் நோட்டுப் புத்தகத்தில் வரவு செலவு எழுதும் பெண்ணுக்கு அநுபவம் இல்லையா? மகளிர் சுய உதவிக் குழுவின் பேரேட்டை எழுதுகிறவளுக்கு? 2021-ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தில், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் அண்டை வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தவர்களுக்கு? சம்பளப் பட்டியலில் ஏறியதே உழைப்பு என்னும் எண்ணம், அந்நியர் காலத்துக் கச்சேரி உத்தியோக மோகத்தின் மிச்சம் என்றே தோன்றுகிறது.

1912 பிப்ரவரி 9-ஆம் தேதி, சென்னைத் துறைமுக ஆபீஸில் காலியாயிருந்த குமாஸ்தா வேலைக்கு ஓர் இளைஞர் விண்ணப்பம் எழுதினார். பட்டம் கிடையாது, எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. மெட்ரிகுலேஷன் தேறியதையும், மேற்படிப்பு தடைப்பட்டதையும் மறைக்காமல் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, தம் காலம் முழுவதையும் கணிதத்திலேயே செலவிட்டு வருவதாக எழுதினார். பிரஸிடென்ஸி காலேஜ் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் சிபார்சும் கூட இருந்தது. மார்ச் 1 முதல் மாதம் 30 ரூபாயில் வேலை கிடைத்தது. அவர்தாம் ஸ்ரீநிவாஸ ராமாநுஜன். மறு வருஷம் ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியபொழுதும், சர்வகலாசாலைப் படிப்பு இல்லையென்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, தாம் கண்ட தேற்றங்களைப் பக்கம் பக்கமாக எடுத்து வைத்தார்.

அந்த மேதை நமக்கு வாய்க்காது. அந்த முறை வாய்க்கும். 'குழுக் கணக்குப் பார்த்தேன்' என்றால் போதாது. 'பன்னிரண்டு உறுப்பினர்களின் சேமிப்பையும் கடன் தவணைகளையும் இரண்டு வருஷம் பேரேட்டில் எழுதி, மாதந்தோறும் பாங்கிப் புத்தகத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தேன்' என்று எழுதினால், ஆலையின் கணக்கு அதிகாரி நிமிர்ந்து பார்ப்பார். எத்தனை பேர், எத்தனை காலம், எவ்வளவு பணம் என்பனவே அவருக்கு வேண்டியவை. தோப்புக் கணக்கு எழுதியவர் 'நிர்வாக மேலாளர்' என்று பட்டம் சூட்டிக்கொண்டால், நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். குடும்பக் கஷ்டத்தைச் சொல்லிப் புலம்பவும் வேண்டாம். வேலை கேட்பது யாசகமன்று. ஒரு பக்கம் போதும். செய்த காரியங்கள் மேலே இருக்கட்டும். படிப்பும், தெரிந்த பாஷைகளும், கம்ப்யூட்டர்ப் பயிற்சியும் அவற்றின் கீழே வரட்டும்.

மிடில்மாஸ்டைப் போல ஒரு சாட்சியும் தேவை. உறவினர் கூடாது. குழுத் தலைவியோ, பள்ளித் தலைமையாசிரியரோ, காய் வாங்கும் வியாபாரியோ ஆகலாம். அவரிடம் முன்னதாக அநுமதி பெற்ற பிறகே பெயரையும் டெலிபோன் எண்ணையும் எழுத வேண்டும். வியாபாரியாயின், விலை பேசும் நாளன்று கேட்காதிருப்பது உசிதம்.